‘ரன்’ முடியட்டும்

அந்த ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் சண்டை போடுவது பணிவிதிகளுள் ஒன்று. பதிப்பாசிரியர் அதனை ‘வாதம்’ என்று குறிப்பிடுவார். கீழ்த்தளத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் கடைக்காரருக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. மேலே குரல்கள் உயர்ந்ததும், “ஆரம்பிச்சிட்டாங்க” என்று சொல்லி, ஆணி அடிப்பதைச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சிறிய சொற்களை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், அத்துடன் முடிந்தது. பல பொருள் உடைய பெரிய சொற்களுக்குத்தான் இருவர் தேவை. ஒருவர் பொருள்களைப் பிரித்துக்கொண்டே போவார். மற்றவர் பிரித்தவற்றைச் சேர்த்துக்கொண்டே வருவார். பிரிப்பவர் சிவப்பு மையில் கோடு கிழிப்பார். சேர்ப்பவர் அந்தக் கோட்டின் மேல் நீல மையில் வளைவு போடுவார். பிறகு இருவரும் நடு அறையில் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு கோட்டுக்காகவும் வாய்விட்டு வாதாட வேண்டும். உரத்த குரலில் காப்பாற்ற முடியாத வேறுபாடு அச்சேறத் தகுதியற்றது என்பது பதிப்பாசிரியரின் கொள்கை. இருவரும் ஒப்பமிடாமல் எந்தப் பக்கமும் அச்சகத்துக்குப் போகாது.

பிரிப்பதில் தேர்ந்த பெண்மணிக்கு அலுவலகம் ‘கத்தரி’ என்று பெயர் வைத்திருந்தது. சேர்ப்பதில் தேர்ந்தவருக்குப் பெயர் ‘கோந்து’. இரண்டும் முதுகுக்குப் பின்னால் வழங்கியவை என்றாலும் இருவருக்கும் தெரிந்தவை. யாரும் வருத்தப்படவில்லை. மற்றவருக்கு வைத்த பெயர்தான் இன்னும் கச்சிதம் என்று இருவருமே தனித்தனியே கருதினார்கள்.

அந்த ஆண்டு அவர்களுக்கு வாய்த்த சொல் ‘ரன்’. மூன்றே எழுத்துள்ள இந்த ஆங்கிலச் சொல்லைப் போல் ஊர் சுற்றும் சொல் வேறில்லை. மனிதன் ஓடினாலும் அதுதான், இயந்திரம் இயங்கினாலும் அதுதான். பேருந்து ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் கசிவது, எல்லை தாண்டிச் சரக்குக் கடத்துவது எனப் போகாத இடமில்லை. மட்டையாளர் எடுப்பதும் அதுவே. கத்தரியின் கணக்கில் பொருள்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. கோந்தின் கணக்கில் அவை பத்தைத் தொடவில்லை.

“மூக்கு ஒழுகுறதும் குழாய் ஒழுகுறதும் ஒண்ணுதான் மேடம்” என்றார் கோந்து. “ரெண்டுலயும் தண்ணி வருது. அவ்வளவுதான் விஷயம்.”

“குழாயை நீங்க திறந்து விடுறீங்க சார். மூக்கை யார் திறந்து விட்டா?”

“குளிர்காலம்.”

“அப்படியே பதிவுல போடட்டுமா? ‘பருவநிலையால் திறக்கப்படுவது’ன்னு?”

“தாராளமா போடுங்க. போட்டுட்டு அதுக்கு ஒரு தனி எண்ணும் குடுங்க. குடுக்கலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே.”

“எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டு நீங்க நல்லாத் தூங்குறீங்கல்ல? அது போதும்.”

கோந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது வாதம் சூடுபிடிப்பதன் அறிகுறி. “தமிழைக் கேளுங்க மேடம். வண்டி ஓடுது, படம் ஓடுது, கடை ஓடுது, பொழுது ஓடுது. தமிழே சேர்த்து வச்சிருக்கு. நீங்க யாரு பிரிக்க?”

“ஓடாத கடைன்னு ஒண்ணு உண்டா இல்லையா?”

“உண்டு. எங்க அண்ணன் கடை.”

“அந்த ஓடாத கடையை உங்க அண்ணன் ‘ரன்’ பண்றாரா இல்லையா?”

கோந்து நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினார். பிறகு நீலப் பேனாவை எடுத்து, ‘நடத்து’ என்ற பொருளுக்கு மேல் தாம் போட்டிருந்த வளைவைத் தாமே அடித்தார். “இதுக்கு எங்க குடும்பத்தை இழுக்க வேண்டியதில்ல” என்று மட்டும் சொன்னார். கீழே ஆணி அடிக்கும் ஓசை மறுபடி தொடங்கியது.

பல ஆண்டுகளாக நடந்துவந்தது இதுதான். அலுவலகத்துக்கு வெளியே அவர்கள் ஒரு தேநீர்கூடச் சேர்ந்து குடித்ததில்லை. ஒருவர் வீடு இருக்கும் தெரு மற்றவருக்குத் தெரியாது.

அன்று மாலை கத்தரியின் வீட்டில், அவருடைய மகள் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மகள் பிசியோதெரபிஸ்ட். தாள்களின் மேல் குனிந்தே இறுகிப்போன தாயின் கழுத்து, அவளுக்குச் சம்பளமில்லாத நிரந்தர நோயாளி. கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் பேச்சுவார்த்தைகளெல்லாம் பெரும்பாலும் இந்த நிலையில்தான் நடந்தன: தாய் சுவரைப் பார்த்தபடி, மகள் தாயின் பிடரியைப் பார்த்தபடி.

“அசையாதம்மா. ஒரு விஷயம் சொல்றேன்.”

“அசையாம கேக்குற மாதிரி விஷயமா?”

“கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். லிப்ட் சர்வீஸ் பண்ற இன்ஜினீயர். எங்க கிளினிக் லிப்ட் நடுவுல நின்னப்போ நான் உள்ள மாட்டிக்கிட்டேன். அவர் வெளிய இருந்தார்.”

“லிப்டைச் சரி பண்ணாரா இல்லையா?”

“பண்ணார். கொஞ்சம் மெதுவாத்தான் பண்ணார். பேசிக்கிட்டே பண்ணார்.”

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. “பேசிக்கிட்டே வேலை பாக்குறவனா? சரி. குடும்பம்?”

மகள் கட்டைவிரலை மாற்றி வைத்தாள். “அவங்க அப்பாவை உனக்குத் தெரியும்.”

“யாரு?”

“தினமும் வீட்டுக்கு வந்து ஒருத்தரைத் திட்டுவியே. அவர்தான்.”

தாயின் கழுத்துத் தசை விறைத்ததைத் தாய் வாய் திறக்கும் முன்பே மகள் விரல்களால் அறிந்தாள்.

கத்தரிக்குக் கோந்தின் மீது பகை கிடையாது. அவருக்கிருந்தது வேறொரு பயம். அவருடைய திருமணத்தன்று அவருடைய அம்மா, மாப்பிள்ளையின் தந்தையிடம் ஏதோ ஒரு பேச்சில், “படிச்சவர் மாதிரிப் பேசுங்க” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அன்றே மறந்துபோனார். கேட்டவர் மறக்கவில்லை. புகுந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கதவு திறந்து கிடந்தாலும் அந்த வாக்கியம் கத்தரியைத் தேடி வந்தது: “படிச்சவங்க வீட்டுப் பொண்ணு இப்படித்தான் செய்வாளோ?” பெரியவர்கள் பேசிய ஒரு வாக்கியத்துக்கு, பேசாத ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டு எத்தனை காலம் பதில் சொல்ல நேரும் என்பதை அவர் நன்றாக அறிவார்.

அவருடைய அம்மா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். கத்தரியோ கோந்திடம் அன்று காலையில் மட்டும் மூட்டை, தூக்கம், அண்ணன் கடை ஆகிய மூன்றையும் தொட்டிருந்தார்.

“அவரை வேண்டாங்குறியா?” என்று மகள் கேட்டாள்.

“பையனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அப்ப சரிங்குறியா?”

“முதல்ல ‘ரன்’ முடியட்டும். அப்புறம் பேசலாம்.”

“ஒரு வார்த்தை முடியறதுக்கா நான் காத்திருக்கணும்?”

“ஒரு வார்த்தை இல்லடி. நாப்பத்தி மூணு பொருள்.”

“ஒம்போதுன்னு கேள்விப்பட்டேனே.”

“யார் சொன்னா?”

“அவங்க வீட்லயும் சாயங்காலம் ஆனா இதே பேச்சுதானாம்மா.”

கத்தரியின் திட்டம் எளிமையானது. இனிச் சண்டை போடக் கூடாது. எப்படியாவது சொல்லை முடித்து, ஒப்பமிட்டு, எதிர்க்கட்சி என்ற நிலையிலிருந்து விலகிவிட வேண்டும். அதன் பிறகு கோந்தின் முகத்தை நிதானமாகப் பார்த்து, மகளை அந்த வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும். திட்டத்தில் ஒரேயொரு குறை இருந்தது: அதே இரவு கோந்தின் மகனும் தன் தந்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் கத்தரி நடு அறைக்குள் நுழைந்ததும் கோந்து எழுந்து நின்றார். இதுவரை அவர் எழுந்ததில்லை.

“வாங்க, உக்காருங்க” என்றார்.

“நீங்க முதல்ல உக்காருங்க” என்றார் கத்தரி.

இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். தாள் நடுவில் கிடந்தது. ஆற்றோரமாகச் சாலை போவது, கொடி சுவர் மேல் படர்வது ஆகிய இரண்டும் தனித்தனிப் பொருள்களா என்பது அன்றைய வழக்கு.

“நீங்க பிரிச்சதே இருக்கட்டும்” என்றார் கோந்து. “யோசிச்சுப் பாத்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்கு.”

“இல்ல இல்ல. நீங்க சேர்த்ததுதான் சரி. சாலை என்ன, கொடி என்ன? ரெண்டும் நீளமா இருக்கு.”

கடைசி வாக்கியம் தம் வாயிலிருந்துதான் வந்ததா என்று கத்தரிக்கே ஐயமாக இருந்தது. கோந்து சங்கடத்துடன் தலையசைத்தார். அவர் நீல வளைவைத் தயக்கத்தோடு அடிக்க, கத்தரி சிவப்புக் கோட்டைத் தயக்கத்தோடு அடித்தார். ஒரே வழக்கில் இருவரும் தோற்றது அந்த அலுவலகத்தில் அதுவே முதல் முறை.

சத்தம் எதுவும் வராததால் பக்கத்து அறையிலிருந்து மெய்ப்பு பார்ப்பவர் எட்டிப் பார்த்தார். “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில், “இல்லையே” என்றார்கள். அவர் இன்னும் கவலையோடு திரும்பிப் போனார். கீழ்த்தளத்துப் படச்சட்டக் கடைக்காரர்கூட நண்பகலில் படியேறி வந்து, அகராதி நின்றுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

மரியாதைக்கு ஓர் இயல்பு உண்டு: அது ஒரு பக்கமாக நிற்காது. கோந்து ஒன்றை விட்டுக்கொடுத்தால் கத்தரி இரண்டை விட்டுக்கொடுத்தார். சம்பந்தியாகப் போகிறவரிடம் கடன்படுவது மகளைப் பெற்றவருக்கு அழகல்ல என்று அவர் நினைத்தார். கத்தரி சேர்க்கத் தொடங்கியதைக் கண்ட கோந்து, பையனைப் பெற்ற திமிர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து, பிரிக்கத் தொடங்கினார். பழக்கமில்லாத வேலையை நல்லெண்ணத்துடன் செய்பவர்கள் விளைவிக்கும் சேதம் அளவற்றது. கோந்து கடை நடத்துவதைச் சிறு கடை, பெருங்கடை, தள்ளுவண்டி என மூன்றாகப் பிரித்தார். கத்தரி தம் பங்குக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதையும் கள்ளச்சரக்குக் கடத்துவதையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியர் தாளைக் கேட்டு வாங்கினார். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“தேர்தல்ல நிக்கிறதும் மூக்கு ஒழுகுறதும் ஒரே பொருளா?” என்று கேட்டார்.

இருவரும் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

“இதை யார் சேர்த்தது?”

“நான்தான்” என்றார் கத்தரி.

பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? அப்ப இந்தத் தள்ளுவண்டி?”

“அது நான்” என்றார் கோந்து.

“ரெண்டு பேரும் ஒப்பம் வேற போட்டிருக்கீங்க.” அவர் குரல் உயரவில்லை, அதுதான் அச்சமூட்டியது. “நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்கன்னு தெரியுது. மனுஷங்க ராசியா இருக்கறது நல்ல விஷயம். ஆனா இந்த ஆபீஸ்ல அதுக்கு இடமில்ல. திங்கட்கிழமை காலையில உருப்படியா ஒரு பக்கம் வரலைன்னா, ‘ரன்’னை வேற ரெண்டு பேர்கிட்ட குடுத்துடுவேன்.”

வெளியே வந்து படியிறங்கும்போது கோந்து ஒதுங்கி வழிவிட்டார். கத்தரி, “நீங்க போங்க” என்றார். இருவரும் அந்தப் படியிலேயே வெகுநேரம் நின்றிருப்பார்கள்; நல்லவேளையாக மெய்ப்பு பார்ப்பவர் பின்னாலிருந்து, “நான் போகட்டுமா?” என்று கேட்டு நடுவில் புகுந்து போனார்.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் கத்தரி ஒன்றை உணர்ந்தார். வாதாடிய கோந்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதர் எப்போது பொய்யாகக் கோபப்படுவார், எப்போது மெய்யாகக் கோபப்படுவார், தோற்றால் காது எப்படிச் சிவக்கும், எந்த வாக்கியத்தில் மனம் மாறுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுந்து நின்று வரவேற்கிற, படியில் வழிவிடுகிற இந்த மரியாதைக்காரரை அவருக்குக் கொஞ்சமும் தெரியாது. தெரியாத ஒருவர் வீட்டுக்குத்தான் மகளை அனுப்பப்போகிறோமா? ‘ரன்’ முடியும்வரை பொறுக்கலாம் என்று தவணை வாங்கியிருந்தார். இப்போது அந்தச் சொல்லே கையை விட்டுப் போகப்போகிறது. பதிலோ கைக்கு வரவில்லை.

மகள் கதவைத் திறந்ததும் கேட்டாள்: “முடிஞ்சுதா?”

“முடியற மாதிரி இருக்கு. நல்லவிதமா இல்ல.”

“ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. சும்மா, டீ குடிக்க.”

“சும்மா டீ குடிக்க யாராவது ரெண்டு பஸ் மாறிப் போவாங்களா?”

“நான் போறேனேம்மா” என்றாள் மகள். அவள் எத்தனை முறை போயிருக்கிறாள் என்று தாய் கேட்கவில்லை.

கோந்தின் வீடு நான்காவது மாடியில் இருந்தது. மகன் லிப்ட் வேலை பார்க்கிறவன். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. முன்னறையில் ஒரு நீள சோபா, ஒரு வட்ட மேசை, அலமாரி நிறைய அகராதிகள். அகராதிகள் அளவு வரிசையிலும் இல்லை, அகரவரிசையிலும் இல்லை. எல்லாம் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. கத்தரி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கோந்தின் மனைவி தேநீர்க் கோப்பைகளையும் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டையும் கொண்டுவந்து வைத்தார். உருண்டையான, விறுவிறுப்பான பெண்மணி, பேசிக்கொண்டே நடப்பவர். “உக்காருங்க, உக்காருங்க. உங்களைப் பாக்கணும்னு எத்தனை நாளா ஆசை தெரியுமா? தினமும் உங்களைப் பத்திக் கேட்டுக் கேட்டு, எங்க வீட்லயே ஒரு ஆளா ஆயிட்டீங்க.”

“நல்லபடியாச் சொல்லியிருக்க மாட்டாரே” என்றார் கத்தரி, சிரிக்க முயன்று.

“சேச்சே” என்றார் கோந்து அவசரமாக. “உயர்வாத்தான் சொல்லுவேன்.”

அவர் மனைவி கணவரை வியப்புடன் பார்த்தார். மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அனைவரும் தேநீரைக் குடித்தார்கள். தேநீர் மிக நன்றாக இருப்பதாகக் கத்தரி சொன்னார். வெயில் அதிகம் என்று கோந்து சொன்னார். ஆமாம், அதிகம்தான் என்று கத்தரி ஒப்புக்கொண்டார். வருங்காலத் தம்பதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியே போனால் திருமணம் நடப்பதற்குள் அனைவரும் மரியாதையால் மூச்சுமுட்டி இறந்துவிடுவார்கள் போலிருந்தது.

அப்போது பின்பக்கத்திலிருந்து தடதடவென்று ஓசை வந்தது. கோந்தின் மனைவி துள்ளி எழுந்து ஓடினார். அவர் குரல் மட்டும் திரும்பி வந்தது.

“உங்களைத்தான்! மெஷினை நிறுத்துறேன்னு சொன்னீங்களா இல்லையா? குழாய் கழண்டு போச்சு. மெஷின் பாட்டுக்கு ஓடுது, தண்ணி பாட்டுக்கு ஓடுது, சிவப்புச் சட்டையோட சாயமெல்லாம் போர்வையில ஏறியிருக்கு!”

“எல்லாம் ஒண்ணுதான், விடு, வர்றேன்” என்று கோந்து குரல் கொடுத்தார். மனைவிக்குச் சொல்லும் வழக்கமான பதில் அது. அதில் மொழியியல் எதுவும் இல்லை.

கத்தரி கோப்பையை இறுகப் பிடித்தார். உதட்டைக் கடித்தார். தேநீரில் ஒரு வாய் குடித்தார். பயனில்லை.

“ஒண்ணு இல்ல” என்றார்.

கோந்து திரும்பினார். “என்னது?”

“மெஷின் ஓடுறது வேற. தண்ணி ஓடுறது வேற. சாயம் ஓடுறது, அதாவது கசியறது, வேற. மூணும் மூணு.”

“அம்மா” என்றாள் மகள், மெல்ல.

கோந்தின் முகத்தில் மரியாதை சற்று நேரம் போராடியது. பிறகு அவர் மேசையருகே இருந்த மோடாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “மெஷின் ஓடினதாலதான் தண்ணி ஓடிச்சு. தண்ணி ஓடினதாலதான் சாயம் போச்சு. ஒரே சங்கிலி. எங்க வெட்டுவீங்க?”

“காரணம் ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணாயிடுமா? நீங்க மறந்ததாலதான் எல்லாமே நடந்துச்சு. அப்ப உங்க மறதியையும் இதே எண்ணுல சேர்த்துடலாமா?”

“சேர்த்துடுங்க!” என்று பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

கோந்து தட்டிலிருந்து மூன்று பிஸ்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். “இது மெஷின். இது தண்ணி. இது சாயம். இப்பப் பாருங்க. மூணுலயும் நிக்காம ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு.” மூன்றையும் ஒன்றாகத் தள்ளினார்.

கத்தரி சாய பிஸ்கட்டைத் தனியே நகர்த்தினார். “மெஷினை நிறுத்தலாம். தண்ணியை நிறுத்தலாம். போன சாயத்தைத் திரும்பக் கூப்பிடுவீங்களா?”

கோந்து அதைப் பழைய இடத்துக்கே தள்ளினார். கத்தரி மறுபடி பிரித்தார். பிஸ்கட்டின் ஓரம் உதிர்ந்தது. தேர்தலுக்கு ஒன்று வந்தது. சாலைக்கு ஒன்று வந்தது. கள்ளக்கடத்தலுக்கு வந்தது நடுவில் கிரீம் வைத்தது. இருவர் குரலும் அலுவலக நடு அறையின் உயரத்துக்கு ஏறிவிட்டன. மகன் தட்டையாவது காப்பாற்றலாமா என்று கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டான்.

“ஒரு வாரமா எங்க போயிருந்தது இந்தப் பேச்செல்லாம்?” என்றார் கோந்து. “பள்ளிக்கூடத்தையும் கடத்தலையும் சேர்த்தப்போ எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு.”

“தள்ளுவண்டிக்குத் தனி எண் குடுத்தவர் பேசுற பேச்சா இது?”

“உங்களுக்காகக் குடுத்தேன்!”

“நான் கேட்டேனா? பிரிக்கத் தெரியாத ஆள் பிரிக்கக் கூடாது. அப்படியே சேர்க்கத்தான் தெரியுமான்னா அதுவும் இல்ல. நீங்க பண்றதுக்குப் பேரு சேர்க்கிறது இல்ல சார். சோம்பேறித்தனம்.”

கோந்தின் கை பிஸ்கட்டிலிருந்து விலகியது.

கத்தரி தாம் சொன்னதைத் தாமே கேட்டார். எழுவாய், பயனிலை, எல்லாம் சரியாக இருந்தன. மகளைத் தேடி அடுப்படி வரை போகக்கூடிய வாக்கியம் அதுதான். மகள் முகம் வெளுத்திருந்தது. பின்பக்கத்திலிருந்து கோந்தின் மனைவி ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றார். கோந்தின் காதுகள் இரண்டும் நன்றாகச் சிவந்துவிட்டன.

மகளுக்கு அது தாங்கவில்லை. யாரையாவது சமாதானப்படுத்தியாக வேண்டும் என்று தோன்றியதில், தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தாள். “மாமா சொல்றதுதாம்மா சரி” என்றாள். “கேக்குறதுக்கு மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு. நீதான் தேவையில்லாம...”

“நீ சும்மா இரும்மா” என்றார் கோந்து சட்டென்று. கோபம் முழுவதும் அப்படியே இருந்தது. ஆனால் அது அவள் பக்கம் திரும்பவில்லை. “எனக்காகப் பேசுறேன்னு தப்பாப் பேசாத. உங்கம்மா சொன்னதுல விஷயம் இருக்கு. போன சாயத்தைக் கூப்பிட முடியாதுங்குறாங்க பாரு, அதுக்குத்தான் எனக்குப் பதில் தெரியல. பதில் தெரிஞ்சா இந்நேரம் சொல்லியிருக்க மாட்டேனா? நீ டீயைக் குடி. ஆறுது.”

பிறகு கத்தரியிடம் திரும்பி, அதே கோபத்தோடு, “சோம்பேறித்தனம்னீங்களே, அதை நாளைக்குப் பேசிக்கலாம். அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு. இப்ப சாயத்தை முடிங்க” என்றார்.

“சோம்பேறின்னு நான் இத்தனை வருஷமாச் சொல்றேன்” என்றார் அவர் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு. “இன்னிக்குத்தான் ஒரு படிச்சவங்க வாயால கேக்குறேன்.” அவர் கத்தரியின் மகளருகில் போய் உட்கார்ந்து, அவளுக்கும் தமக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். எடுத்தவை சாலையும் தேர்தலும் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

கத்தரி எதிரில் இருந்தவரைப் பார்த்தார். காது இன்னும் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு நரம்பு எழும்பியிருந்தது. கோபம் மெய்யானதுதான், அதில் ஐயமில்லை. அவ்வளவு கோபத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அருகில் இருந்த மகள் மேல் அதில் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. தமக்காகப் பரிந்து பேச வந்தவளையும் எதிரிக்கு நியாயம் சொல்லி உட்காரவைத்தார். ஒரு வாரமாக மரியாதையில் தேடிக் கிடைக்காத மனிதர் இதோ முன்னால் இருந்தார். இவரை அவருக்குத் தெரியும்.

அவர் பிஸ்கட் துகள்களை விரலால் ஒதுக்கி, மேசையில் இடம் பண்ணிக்கொண்டார்.

“சரி. மெஷினையும் தண்ணியையும் வேணும்னா பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். சேர்க்க மாட்டேன்” என்றார். “தேர்தல் தனியாத்தான் நிக்கணும், அதுல பேச்சே இல்ல. கல்யாணத்தை மழைக்கு முன்னாடியே வச்சுக்கலாம், நாலு மாடி ஏறுறவங்க நனையக் கூடாது. அப்புறம் சாயம் கசியறதுக்கு ‘ஓடு’ங்கிற சொல்லே வரக் கூடாது, ‘பரவு’ன்னு போடணும். இல்லைன்னா...”

“‘பரவு’ ஒத்துக்க முடியாது” என்றார் கோந்து. “வதந்திதான் பரவும். சாயத்துக்கு ‘இறங்கு’ன்னு போடுங்க.”

“இறங்கினா கீழதானே போகணும்? இது போர்வை மேல ஏறியிருக்கு.”

“கொஞ்சம் இருங்க” என்றார் கோந்தின் மனைவி, பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தி. “ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. நடுவுல என்னமோ சொன்னீங்களே?”

“‘பரவு’ன்னு சொன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

கத்தரி யோசித்தார். ஆனால் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. மகனும் மகளும் ஏற்கெனவே எழுந்து வெளிக்கதவைத் திறந்து, லிப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பு கீழே மூன்றாவது மாடியில் கேட்டது; பிறகு இரண்டாவதில் கேட்டது. கோந்து எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மோடாவில் உட்கார்ந்து, நீலப் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.